டீசல் ஃபில்டரின் அடியில் ஒரு திருகு இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டீசல் பம்பையும் இன்ஜெக்டரையும் பிரித்துச் சரிசெய்வது என் தொழில். உங்கள் நாளிதழில் வரும் வாகனப் பராமரிப்புக் குறிப்புகளைத் தவறாமல் படிப்பேன். எஞ்சின் ஆயிலை எப்போது மாற்றுவது, டயரில் காற்று எவ்வளவு, பேட்டரியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நிறைய எழுதுகிறீர்கள், நல்லது. டேங்கிலிருந்து எஞ்சினுக்கு டீசல் போகும் பாதை பற்றி மட்டும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. வயதாகித் தேய்ந்து என் மேசைக்கு வரும் பம்புகள் குறைவு. தண்ணீரும் தூசியும் உள்ளே போய், காலத்துக்கு முன்பே வீணானவைதான் அதிகம். அதைத் தடுக்க வண்டிக்காரரே செய்துகொள்ளக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பலர் அதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை என்பதால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்க இறுக்க அது சூடாகும். அந்தச் சூட்டில் டீசலை நுண்ணிய துளிகளாகத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். தூவுகிற வேலையைச் செய்வது பம்பும் இன்ஜெக்டரும். டீசலை அழுத்தி ஒரு பொதுக் குழாயில் தேக்கி, அதிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் கொடுப்பதுதான் காமன் ரெயில் முறை. 1997-ல் அது கார்களுக்கு வந்தபோதே அதன் அழுத்தம் 1350 பார். இப்போது 2000 பாரைத் தாண்டிய வண்டிகள் சாதாரணமாக ஓடுகின்றன. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் 2 பார் சொச்சம்தான் என்பதை வைத்து யோசித்தால் இது எவ்வளவு பெரியது என்று தெரியும். இந்த அழுத்தம் பின்னால் கசியாமல் நிற்க வேண்டும் என்பதற்காக, பம்புக்குள் டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சருக்கும் அது ஓடுகிற உருளையான பேரலுக்கும் நடுவே விடும் இடைவெளி 2 முதல் 4 மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அவ்வளவு குறுகிய இடத்தில் எஞ்சின் ஆயில் போய்ச் சேராது. அங்கே டீசலேதான் ஆயில்.

வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். டீசல் எரிவதற்கு மட்டும் இல்லை, பம்பும் இன்ஜெக்டரும் உயிரோடு இருப்பதே அதன் வழவழப்பால். புகையைக் குறைக்க வேண்டும் என்று டீசலில் இருக்கும் கந்தகத்தை உலகின் பல பகுதிகளில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் கந்தகத்தை நீக்கும்போது டீசலுக்கு இயல்பாக இருந்த வழவழப்பும் போய்விடுகிறது. அதை ஈடுகட்ட, விற்பனைக்கு வரும் முன்பே தனியாக மருந்து சேர்க்கிறார்கள். ஐரோப்பியத் தரக்கட்டளையில் இந்த வழவழப்புக்கு ஒரு சோதனையே உண்டு: டீசலுக்குள் ஒரு எஃகுக் குண்டைத் தேய்த்து, அதில் விழும் தழும்பை அளப்பார்கள். 460 மைக்ரானுக்கு மேல் தழும்பு விழுந்தால் அந்த டீசல் ஆகாது. தண்ணீரில் இந்த வழவழப்பை எதிர்பார்க்கவே முடியாது. பிளஞ்சர் மேல் தண்ணீர் பட்ட இடத்தில் இரும்பும் இரும்பும் நேராக உரசும். வண்டி சில நாள் நின்றால் அதே இடம் துருப்பிடிக்கும். இன்ஜெக்டரில் டீசலைத் தூவும் சூடான நாசில் முனையில் தண்ணீர் சட்டென்று ஆவியாகி, முனையையே உடைத்துவிடுவதும் உண்டு.

கெட்டுப்போன பிளஞ்சரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் கதை முழுவதும் அதிலேயே எழுதியிருக்கும். முகம் தெரியுமளவு பளபளக்க வேண்டிய பரப்பில் நீளவாக்கில் கோடுகள் விழுந்திருக்கும். ஓரத்தில் பழுப்பாக ஒரு படலம். நகத்தை மெல்ல ஓட்டினால் கோடு தட்டுப்படும். தட்டுப்பட்டால் அந்த பம்ப் முடிந்தது. அதிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள் ரெயில் வழியாக எல்லா இன்ஜெக்டருக்கும் போயிருக்கும். திரும்பும் டீசலோடு டேங்குக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். பம்பை மட்டும் மாற்றி அனுப்பினால் புதுப் பம்பும் சீக்கிரம் திரும்பி வரும். டேங்கையும் பைப்பையும் கழுவ வேண்டும், இன்ஜெக்டர்களைச் சோதிக்க வேண்டும். இதைக் கேட்டதும் வண்டிக்காரர் முகம் மாறுவதைப் பார்ப்பது எனக்குப் பழகவே இல்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். டீசல் விற்கும் பங்க்காரர் கலந்துவிட்டார் என்பதுதான் முதல் சந்தேகம். அப்படியும் நடக்கலாம், ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. டேங்கில் டீசல் குறைந்தால் மீதி இடத்தில் காற்று இருக்கும். அந்தக் காற்றில் ஈரம் உண்டு. இரவில் குளிர்ந்ததும் அந்த ஈரம் டேங்கின் உள்சுவரில் துளியாகப் படிந்து கீழே இறங்கிவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். ஓட்டம் முடிந்த மாலையிலேயே டேங்கை நிரப்பி நிறுத்தினால் இது வெகுவாகக் குறையும். டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலும் தண்ணீர் இறங்கும். மழையைவிட, வண்டியை அழுத்தத் தண்ணீரால் கழுவும்போது அதிகம் இறங்கும். தாவர எண்ணெயிலிருந்து எடுக்கும் பயோடீசல் கலந்த எரிபொருள் ஈரத்தை இன்னும் அதிகமாக இழுத்து வைத்துக்கொள்ளும். டீசலை வாங்கிச் சேர்த்து வைப்பவர்கள் துத்தநாகம் பூசிய தகரப் பாத்திரத்தில் மட்டும் வைக்க வேண்டாம். துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து, ஃபில்டரையும் நாசிலையும் அடைக்கும் படிவை உண்டாக்கும்.

சரி, டேங்கில் சேர்ந்த தண்ணீர் என்ன ஆகும்? டீசலைவிடத் தண்ணீர் கனம். ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 820 முதல் 845 கிராம், தண்ணீர் ஒரு கிலோ. அதனால் அது அடியில் போய் உட்காரும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஃபில்டருக்கு வரும். ஃபில்டரில் இருக்கும் வாட்டர் செபரேட்டர் அதைப் பிரித்து அடிக்கிண்ணத்தில் தேக்கி வைக்கும். கிண்ணம் சின்னது. நிரம்பியதும் டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். பெரும்பாலும் மஞ்சள், சில வண்டிகளில் சிவப்பு. ஃபில்டர் போன்ற ஒரு வடிவம், அதன் அடியில் நீர்த்துளிகள். இதுதான் சின்னம். அது எரிந்த பிறகும் ஓட்டினால், தேங்கிய தண்ணீர் ஃபில்டரைத் தாண்டி பம்புக்குப் போகும். விளக்கே இல்லாத பழைய வண்டிகளில் அதுவும் தெரியாது.

அண்மையில் ஒரு வேன்காரர் பம்பைக் கழற்றிக் கொண்டுவந்தார். விளக்கு எரிந்ததா என்று கேட்டேன். மேடு ஏறும்போது எரியும், சமதளத்துக்கு வந்தால் அணைந்துவிடும், சென்சார் கோளாறு என்று நினைத்து விட்டுவிட்டேன் என்றார். அந்த சென்சாரில் ஒரு கோளாறும் இல்லை. வண்டி சாயும்போது கிண்ணத்துத் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி சென்சாரைத் தொட்டிருக்கிறது, சமமானதும் இறங்கியிருக்கிறது. கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது என்று வண்டி முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. விட்டுவிட்டு எரிகிற விளக்கை யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தண்ணீரை இறக்குவது பெரிய வித்தை இல்லை. பல வண்டிகளில் ஃபில்டரின் அடியிலேயே பிளாஸ்டிக் திருகு ஒன்று இருக்கும். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறியபின், சாவியை எடுத்துவிட்டு, திருகின் கீழே ஒரு கண்ணாடி பாட்டிலைப் பிடியுங்கள். பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம், உள்ளே இருப்பது தெரிய வேண்டும். திருகைக் கையாலேயே ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்தினால் போதும், முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை. ஒன்றும் இறங்கவில்லை என்றால் மேலே இருக்கும் ஹேண்ட் பிரைமரை, அதாவது டீசலைக் கையால் ஏற்றும் சின்ன பம்பை, இரண்டு முறை அமுக்குங்கள். சுத்தமான டீசல் வரும் வரை இறக்கிவிட்டு மூடுங்கள். பாட்டிலைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் கீழே தண்ணீர், மேலே டீசல், நடுவே தெளிவாக ஒரு கோடு.

கோடே தெரியாவிட்டால் தண்ணீர் இல்லை என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். பாட்டில் முழுவதும் தண்ணீராக இருந்தாலும் கோடு தெரியாது. டீசல் வாடை பட்டிருப்பதால் மூக்கும் ஏமாறும். நாலு சொட்டுத் தண்ணீரை அதில் விட்டுப் பாருங்கள். உருண்டையாக இறங்கி அடியில் உட்கார்ந்தால் அது டீசல். விட்ட இடத்திலேயே கலந்துபோனால் அது தண்ணீர். அப்போது டேங்கிலேயே நிறையத் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம், டேங்கைக் காலி செய்துதான் ஆக வேண்டும். இறக்கியதை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்ட வேண்டாம். பழைய எஞ்சின் ஆயிலை வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பிலேயே இதையும் கொடுத்துவிடலாம்.

எனக்குத் தெரிந்த லாரி ஓட்டுநர் ஒருவர் காலையில் வண்டியை எடுக்கும் முன் இந்தத் திருகைத் திறந்து பார்க்காமல் கிளம்ப மாட்டார். கார் வைத்திருப்பவர்களுக்கு அவ்வளவு தேவையில்லை. மாதம் ஒருமுறை போதும், மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி. திருகு கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும் கார்களும் உண்டு. அவர்கள் ஒவ்வொரு சர்வீஸிலும் வாய்விட்டுக் கேட்டுச் செய்யச் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் பல இடங்களில் செய்வதில்லை.

பாட்டிலில் இறங்கியது கறுப்பாக, கோழை கோழையாக இருந்தால் விஷயம் வேறு. டீசலும் தண்ணீரும் சேரும் எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். குடிப்பதற்குத் தண்ணீர், தின்பதற்கு டீசல். டேங்குக்குள் உயிர் வாழுமா என்று சிலர் நம்ப மாட்டார்கள். அவர்களுக்காகப் பழைய ஃபில்டரை அறுத்துக் காட்டுவேன். மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை விரித்தால், மடிப்புக்குள் கரும்பழுப்பாக வழவழவென்று ஒரு படலம். விரலில் ஒட்டிக்கொண்டு நூலாக இழுபடும். புளித்த நாற்றம் அடிக்கும். இதற்கு ஃபில்டர் மாற்றினால் மட்டும் போதாது, டேங்கைக் கழுவி அதற்கான மருந்தும் ஊற்ற வேண்டும். ஆனால் தண்ணீர் இல்லாத டேங்கில் இது வளரவே வளராது. மறுபடி அந்தத் திருகுக்குத்தான் வருகிறோம்.

ஃபில்டரை எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றுவது என்பது வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். அது நல்ல டீசலையும் நல்ல சாலையையும் மனதில் வைத்து எழுதியது. தூசியில் ஓடும் வண்டிக்கு அதில் பாதித் தூரத்திலேயே மாற்றச் சொல்வேன். ஒரு இன்ஜெக்டருக்குக் கொடுக்கும் பணத்தில் பல ஃபில்டர் வாங்கலாம். போலி ஃபில்டரை வாங்கி மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். மேலே பெயிண்ட் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். அறுத்துப் பார்த்தால் காகிதம் பாதிதான் இருக்கும், ஓரத்தில் பசை விட்டிருக்கும். பசை விட்ட இடத்தில் டீசல் வடிகட்டாமலே போய்விடும். காமன் ரெயில் வண்டியின் நல்ல ஃபில்டர் 5 மைக்ரானுக்கும் சிறிய தூசியைக்கூடப் பிடிக்கும். கண்ணுக்கே தெரியாத அந்தத் தூசிதான் பிளஞ்சரில் கோடு போடுகிறது.

மாற்றும்போது ஒரு தப்பு நடக்கிறது, மெக்கானிக் நண்பர்களும் இதைப் படிக்க வேண்டும். புது ஃபில்டரை மாட்டும் முன் கேனிலிருந்து டீசலை அதன் நடு ஓட்டை வழியாக ஊற்றி நிரப்புகிறார்கள், சீக்கிரம் ஸ்டார்ட் ஆகட்டும் என்று. நடு ஓட்டை என்பது பல ஃபில்டர்களில் வடிகட்டிய டீசல் வெளியேறும் வழி. அதில் ஊற்றுவது ஒரு தடுப்பும் இல்லாமல் நேராக பம்புக்குப் போகும். காலியாக மாட்டிவிட்டு, ஹேண்ட் பிரைமரைக் கெட்டியாகும் வரை அமுக்குங்கள். எலெக்ட்ரிக் பம்ப் இருந்தால் சாவியை ஆன் செய்து, ஓடி நின்றதும் ஆஃப் செய்து, இப்படி நாலைந்து தடவை செய்தால் டீசல் தானே நிரம்பிவிடும். கை சுத்தம், ஸ்பேனர் சுத்தம், கழற்றிய பைப்பின் வாயில் உடனே ஒரு மூடி. நூல் உதிரும் பழந்துணியால் துடைக்கவே கூடாது.

அடுத்தது காற்று. காலையில் வெகுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, ஆனபின் நன்றாக ஓடுகிறது என்றால் பலர் பேட்டரியையும், ஸ்டார்ட் ஆகும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கையும் மாற்றிப் பார்க்கிறார்கள். டேங்குக்குள் எலெக்ட்ரிக் பம்ப் இல்லாத வண்டிகளில், டேங்கிலிருந்து பம்ப் வரை இருக்கும் பைப்பில் இழுவிசைதான் இருக்கும், தள்ளுவிசை இருக்காது. அங்கே விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கீழே பார்த்தால் காய்ந்தே இருக்கும், கண்டுபிடிக்க முடியாது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே கண்ணாடி போன்ற டியூபைத் தற்காலிகமாக மாட்டி ஓடவிட்டால் குமிழி ஓடுவது தெரியும். காரணம் பெரும்பாலும் அற்பமானதாக இருக்கும்: தளர்ந்த கிளிப், வெடித்த ரப்பர் டியூப், பழைய காப்பர் வாஷரையே மறுபடி போட்ட ஜாயின்ட். காப்பர் வாஷர் ஒருமுறை நசுங்கியபின் அடுத்த முறை சரியாக உட்காராது. கழற்றினால் புதிது போடுங்கள்.

டேங்கைக் காலியாகும் வரை ஓட்டுவதும் கெடுதல். காற்று ஏறும், அடியில் கிடக்கும் கசடு ஏறும், அதைவிட பம்ப் வழவழப்பில்லாமல் ஓடும். கால் டேங்க் எப்போதும் இருக்கட்டும். டீசல் வண்டியில் பெட்ரோல் போட்டுவிட்டால் சாவியையே தொடாதீர்கள். ஸ்டார்ட் செய்யவில்லையே என்று சாவியை ஆன் செய்தாலும் டேங்கில் இருக்கும் பம்ப் ஓடி, பெட்ரோலை முன்னே அனுப்பிவிடும். நின்ற இடத்திலேயே தள்ளி ஓரமாக நிறுத்தி, டேங்கைக் காலி செய்தால் பெரும்பாலும் அதோடு தப்பிக்கலாம்.

இன்ஜெக்டரைச் சோதிக்கக் கழற்றினால் எந்த சிலிண்டரில் இருந்ததோ அதே சிலிண்டரில் திருப்பிப் போட வேண்டும். புதிது போட்டால் அதன் தலையில் பொறித்திருக்கும் எண்ணை வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இதைச் செய்யாமல் அனுப்பிவிட்டு, எஞ்சின் தட்டுகிறது, புகை தள்ளுகிறது என்று மறுபடி பிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். சொட்டுகிற இன்ஜெக்டரோடு வெகுநாள் ஓட்டினால் சைலன்ஸரில் இருக்கும் புகை வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். பாட்டிலில் விற்கும் மருந்துகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தேய்ந்த உலோகத்தை எந்த மருந்தும் வளர்க்காது. தண்ணீரை டீசலோடு கரைத்து அனுப்புகிறேன் என்று சொல்லும் மருந்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பிரித்து வெளியே எடுக்க வேண்டிய தண்ணீரை அது பம்புக்குள்ளேயே கொண்டுபோகும்.

உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டிகளில் ஏர் எடுக்க, அதாவது பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்ற, இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடிப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தில் காமன் ரெயில் வண்டியில் கை வைக்கக் கூடாது. ஊசிமுனை அளவு கசிவிலிருந்து வரும் டீசல்கூடத் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே திசு அழுகத் தொடங்கும், விரலை எடுக்கும் நிலைகூட வரலாம். கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள், ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். பட்டுவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் டீசல் ஏறிவிட்டது என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். சாதாரணக் குத்துக்காயம் என்று நினைத்துக் கட்டுப்போட்டு அனுப்பிவிடக் கூடாது.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இதுதான். அந்த எச்சரிக்கை விளக்கின் சின்னத்தை ஒருமுறை பெரிதாகப் படம் போட்டு, அது என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் ஆயில் விளக்கையும் பேட்டரி விளக்கையும் சொல்லிக்கொடுப்பதோடு இதையும் சேர்த்துச் சொல்லட்டும். ஃபில்டர் மாற்றும் ஒர்க்‌ஷாப்காரர்கள் பழையதைக் குப்பையில் போடும் முன், அதிலிருந்து இறங்கியதை ஒரு பாட்டிலில் பிடித்து வண்டிக்காரரிடம் காட்டட்டும். சின்னத்தின் படம், வெட்டிய ஃபில்டரின் படம், கோடு விழுந்த பிளஞ்சரின் படம் எது வேண்டுமானாலும் நானே எடுத்து அனுப்பி வைக்கிறேன். மழை தொடங்கும் முன் வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை செய்யும் உங்கள் வாசகர்